மணல் வருவதற்கு முன்பா, பின்பா? ஆழ்கடல் பாறைகளில் தடம் படிக்கும் வேலை

மலைச்சரிவில் உடைந்து கிடக்கும் மணற்கல் பலகை ஒன்றைக் கையில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கத்தில் சொல்லும்படி ஒன்றுமில்லை, வெறும் சொரசொரப்பு. திருப்பினால் அடிப்பக்கத்தில் ஒரு வலை. தேன்கூட்டு அறைகளைப் போல ஆறு பக்கங்கள் கொண்ட கட்டங்கள், ஒன்றையொன்று ஒட்டியபடி, கல்லிலிருந்து லேசாகப் புடைத்து நிற்கின்றன. ஒரு கட்டம் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். வரியின் தடிப்பு பென்சில் முனை அளவு. உச்சி வெயிலில் பார்த்தால் இது கண்ணிலேயே படாது. மாலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு வரிக்கும் பின்னால் மெல்லிய நிழல் விழும். அப்போது முழு வலையும் எழுந்து வரும்.

இதற்குப் பேலியோடிக்டியான் என்று பெயர். 'பழைய வலை' என்று பொருள்படும் இந்தப் பெயரை 1850-இல் வைத்தவர் இத்தாலியரான ஜியூசெப்பே மெனகினி. ஆல்ப்ஸ், அப்பினைன், கார்பேத்தியன் மலைகளில் ஒரு காலத்தில் ஆழ்கடல் தரையாக இருந்த பாறைகளில் இது கிடைக்கிறது. சேற்றுக்குள் ஏதோ ஓர் உயிர் அமைத்த சுரங்கப் பின்னலின் அச்சு இது என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. அந்த உயிர் எது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. சேற்றில் தோண்டிய சுரங்கம் மணற்கல்லில் எப்படி வந்தது? அதிலும் ஏன் அடிப்பக்கத்தில் மட்டும்? ஆழ்கடல் தடங்களைப் படிப்பதன் சூட்சுமம் பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

எலும்பு, பல், ஓடு போன்றவை உடல் புதைபடிவங்கள். ஊர்ந்த கோடு, பதுங்கிய குழி, தோண்டிய வளை, தின்று கழித்த மண் ஆகியவை தடப் புதைபடிவங்கள். முதல் வகை ஓர் உயிர் எப்படி இருந்தது என்று சொல்லும். இரண்டாவது வகை அது என்ன செய்தது என்று சொல்லும். தடத்துக்கு இன்னொரு குணமும் உண்டு, ஆழ்கடலைப் பொறுத்தவரை இதுதான் பெரிது. செத்த சிப்பியின் ஓடு நீரோடு உருண்டு எங்கோ போய்ப் புதையலாம். கரையோரத்து ஓடு 2,000 மீட்டர் ஆழத்துச் சேற்றில் கிடைத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வளை அப்படி உருண்டு போகாது. சேற்றைக் கலைத்தால் வளையும் கலைந்துவிடும். ஆகவே வளை இருந்தால், அந்த இடத்தில், அந்தச் சேற்றில், ஓர் உயிர் இருந்தது என்பது உறுதி.

ஆழ்கடலில் உடல் கிடைப்பதும் அரிது. அங்கே வாழ்பவற்றில் பெரும்பாலானவை மென்னுடலிகள், செத்தால் மிச்சம் எதுவும் இருக்காது. ஓடு இருந்தாலும் சுமார் 4,000 முதல் 5,000 மீட்டர் ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு கரைந்துபோகும். அதனால் பழைய ஆழ்கடல் தரையில் வாழ்ந்த கூட்டத்தைப் பற்றி நமக்கு வந்து சேர்ந்திருக்கும் செய்தியில் பெரும்பங்கு தடங்கள் வழியாக வந்ததுதான்.

ஒரே விலங்கு நடக்கும்போது ஒரு தடம், தின்னும்போது வேறு தடம், பதுங்கும்போது மூன்றாவது தடம் விடும். வெவ்வேறு விலங்குகள் ஒரே வேலையைச் செய்தால் ஒரே மாதிரித் தடமும் வரும். அதனால் தடங்களுக்குத் தனிப் பெயர் வரிசை வைத்திருக்கிறார்கள். பேலியோடிக்டியான் என்பது விலங்கின் பெயரல்ல, ஒரு வடிவத்தின் பெயர். இதை மறந்தால் பெரிய குழப்பம் வரும். 19-ஆம் நூற்றாண்டில் வந்தும் இருக்கிறது. கிளை கிளையாகப் பிரியும் வடிவங்களைப் பார்த்தவர்கள் அவை கடற்பாசி என்றே நம்பினார்கள். காண்ட்ரைட்டிஸ் என்ற தடத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் காண்ட்ரஸ் என்ற கடற்பாசியின் சாயலால்தான். (காண்ட்ரைட் என்ற விண்கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஸ்வீடன் நாட்டு ஆல்ஃபிரட் நாத்தோர்ஸ்ட் உயிருள்ள விலங்குகளை மென்மையான பரப்பின் மேல் ஊரவிட்டுப் பார்த்தார். பாசி என்று சொல்லப்பட்டவற்றில் பல உண்மையில் தடங்கள்தான் என்று 1881-இல் எழுதினார். எளிதில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் லியோனார்டோ டா வின்சி அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னரே, பாறை அடுக்குகளுக்கு நடுவே புழுக்கள் ஊர்ந்த தடங்கள் இருப்பதைத் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அந்த அடுக்குகள் ஒரு காலத்தில் ஈரச் சேறாக இருந்தன என்பதற்கு அந்தத் தடங்களையே சாட்சியாகவும் காட்டியிருக்கிறார்.

மணல் வெள்ளம்

ஆழ்கடல் தரையில் சேறு சேரும் வேகத்தைச் சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். கரையிலிருந்து வெகு தொலைவில், செங்களிமண் படியும் இடங்களில், ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் சேரும். நுண்ணுயிர் ஓடுகள் மழைபோல் விழும் இடங்களில் ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர். மேலிருந்து விழும் இந்த மெல்லிய தூசிதான் அங்கே வாழ்பவற்றுக்கு உணவு. அதுவும் வழியிலேயே பலமுறை தின்னப்பட்டு மிஞ்சியது.

இவ்வளவு அமைதியான இடத்துக்கு மணல் எங்கிருந்து வந்தது என்பது புவியியலாளர்களுக்கு நெடுநாள் புதிராக இருந்தது. மணல் என்றால் கரையோரம், அலை, ஆறு என்றே நினைத்திருந்தார்கள். 1929 நவம்பர் 18 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் 7.2 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. கடலடியில் போட்டிருந்த 12 தந்திக் கம்பிகள் அறுந்தன. அருகில் இருந்தவை உடனே போயின. சரிவின் கீழே இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, மணிக்கணக்கில் தள்ளி அறுந்தன. கடைசிக் கம்பி அறுந்தபோது நடுக்கம் முடிந்து 13 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1952-இல் கடலடி ஆய்வாளர்கள் புரூஸ் ஹீசனும் மாரிஸ் யூயிங்கும் இதற்கு விளக்கம் சொன்னார்கள். நடுக்கத்தில் சரிந்த மண்ணும் மணலும் தண்ணீரோடு கலந்து, கனமான கலங்கல் வெள்ளமாகி, சரிவில் பாய்ந்து இறங்கியிருக்கிறது. வழியில் இருந்த கம்பிகளை வரிசையாக அறுத்துக்கொண்டே போயிருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்புதான் குவெனன், மிலியோரினி என்ற இரு புவியியலாளர்கள் இத்தகைய வெள்ளங்கள் ஆழ்கடலில் மணல் அடுக்குகளைப் படிய வைக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

இப்போது அந்த வலைக்குத் திரும்புவோம். நூற்றாண்டுக் கணக்காக அமைதியாகச் சேர்ந்த சேறு. அதன் மேற்பரப்புக்கு ஒரு சில மில்லிமீட்டர் கீழே, அறுகோணப் பின்னலாகச் சுரங்கங்கள். உள்ளே மண் இல்லை, கடல்நீர்தான் நிரம்பியிருக்கிறது. ஒருநாள் வெள்ளம் வருகிறது. அதன் முகப்பு, பஞ்சு போன்ற மேல் சேற்றைச் சில மில்லிமீட்டர் மட்டும் வழித்தெடுக்கிறது. சுரங்கங்களின் கூரை போய்விடுகிறது, பள்ளம் அப்படியே இருக்கிறது. அதே வேகத்தில் பின்னால் வரும் மணல் அந்தப் பள்ளங்களில் இறங்கி நிரம்பி, மேலே கனத்த போர்வையாகப் படிந்துவிடுகிறது. எல்லாம் சில நிமிடங்களில், அதிகம் போனால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு எல்லாம் இறுகிப் பாறையாகிறது, மலையாக எழுகிறது. சேறு களிப்பாறையாகி மழையில் கரைந்து உதிர்கிறது. மணற்கல் நிற்கிறது. அதன் அடியில் பள்ளம் புடைப்பாக, தலைகீழ் அச்சாக மிஞ்சுகிறது.

இதில் உள்ள நூலிழைக் கணக்கைக் கவனியுங்கள். வெள்ளம் கொஞ்சம் வேகமாக இருந்தால் வலை முழுவதும் வழிக்கப்பட்டுப் போயிருக்கும். கொஞ்சம் மெதுவாக இருந்தால் கூரை திறந்திருக்காது, மணல் உள்ளே போயிருக்காது. அழிக்க வந்த ஒன்று அளவோடு அழித்ததால்தான் நமக்கு இந்த வலை கிடைத்திருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது.

முன்னவர்களும் பின்னவர்களும்

ஒரே பலகையில் இரண்டு கூட்டத்தின் தடங்கள் இருக்கலாம். வெள்ளத்துக்கு முன்பு சேற்றில் வாழ்ந்தவர்கள் ஒரு கூட்டம். வெள்ளம் வந்து போன பிறகு மேலிருந்து மணலைத் துளைத்துக்கொண்டு இறங்கியவர்கள் மற்றொரு கூட்டம். இருவரையும் கலந்து 'இந்தப் பாறையில் இத்தனை வகைத் தடங்கள்' என்று எண்ணினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. போலந்தின் மரியன் க்சியாங்ஷ்கியெவிச் கார்பேத்தியன் பாறைகளில் இந்தப் பிரிவினையை வலியுறுத்தினார். ஜெர்மனியின் அடால்ஃப் சைலாகர் அதை மேலும் கொண்டுபோனார்.

எப்படிப் பிரிப்பது? பலகையின் அடிப்பக்கத்தில் வெள்ளம் சேற்றைச் சுரண்டிய கீறல்களும் கரண்டிக் குழி போன்ற அச்சுகளும் இருக்கும், எல்லாம் ஒரே திசையில். முன்னவர்களின் தடத்தை அந்தக் கீறல் வெட்டிக்கொண்டு போகும். வலையின் ஒரு பக்கம் மழுங்கி, சில வரிகள் அறுந்து, மறுபக்கம் கூர்மையாக இருக்கும். அந்தத் தடம் மணலுக்குள் ஏறாது, அடிப்பரப்போடு நின்றுவிடும். பின்னவர்களின் வளை இதற்கு நேர்மாறு. வெள்ளத்தின் கீறல்களையும் முன்னவர்களின் வலையையும் தாண்டி, யாரையும் மதிக்காமல் குறுக்கே ஓடும். பலகையைப் பக்கவாட்டில் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தால் அந்த வளை மணலின் வழியாக மேலே ஏறுவது தெரியும். அறுத்த முகத்தில் எண்ணெய் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும், கண்ணுக்குப் புலப்படாத நிற வேறுபாடுகள் எழுந்துவிடும். அடிப்பக்கப் புடைப்புகளைப் படமெடுக்கும்போது அம்மோனியம் குளோரைடை ஆவியாக்கி மெல்லிய வெள்ளைப் பூச்சாகப் படியவிடுவார்கள். கல்லின் நிறம் மறைந்து வடிவம் மட்டும் மிஞ்சும்.

பின்னவர்களில் அடிக்கடி தென்படுவது ஓஃபியோமார்ஃபா. சுவர் முழுக்க மண் உருண்டைகள் பதித்த தடித்த வளை, இறால் இனத்தைச் சேர்ந்தவை தோண்டுவது. கரையோரத்தில் இது சாதாரணம். ஆழ்கடல் மணலில் இருப்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று மனதைத் தொடுவது. சரிந்த மணலோடு கரைப்பக்கத்து விலங்குகளும் சேர்ந்து அடித்து வரப்பட்டிருக்கும். உயிர் பிழைத்தவை புதிய இடத்தில் வளை தோண்டிக் கொஞ்ச காலம் வாழ்ந்திருக்கும். மேலே மெல்லச் சேறு மூடி, மூச்சுக்காற்று குறைந்ததும் வம்சம் வைக்காமல் போயிருக்கும். 1990-இல் ஃபோல்மியும் கிரிம்மும் முன்வைத்த கருத்து இது. எல்லா ஓஃபியோமார்ஃபாவுக்கும் இது பொருந்தாது. ஆழத்திலேயே நிரந்தரமாகக் குடியிருந்தவையும் உண்டு என்பது பிறகு தெளிவானது.

பட்டினி வரைந்த கோலங்கள்

முன்னவர்களின் தடங்கள் ஏன் இவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன? வலை மட்டுமல்ல. காஸ்மோராஃபே என்பது இரட்டை வளைவு, பெரிய நெளிவுக்குள் சின்ன நெளிவு. ஸ்பைரோராஃபே ஒரு சுருள், நடுவரை போய்த் திரும்பி, போன வழிக்கு நடுவிலேயே வெளியே வரும். இவற்றை எல்லாம் சேர்த்து கிராஃபோகிளிப்டிட் என்பார்கள், 1895-இல் தியோடர் ஃபுக்ஸ் வைத்த பெயரின் வழி வந்தது.

நெரைட்டிஸ் போன்ற மேய்ச்சல் தடங்களுக்கு, அதாவது சேற்றைத் தின்றுகொண்டே நெளிந்து போன தடங்களுக்கு, விளக்கம் எளிது. உணவு குறைவாகவும் எங்கும் சமமாகவும் பரவிக் கிடக்கும் தரையில், தின்ற இடத்தையே மறுபடி தின்பது வீண். அதனால் முன் போன கோட்டை ஒட்டியபடியே திரும்ப வேண்டும், ஆனால் அதைக் கடக்கக் கூடாது. வயலை உழுவது போலத்தான். 1969-இல் டேவிட் ராப்பும் சைலாகரும் கணினியில் இதைச் செய்து பார்த்தார்கள். முன் தடத்தைத் தொடாதே, அதைவிட்டு வெகுதூரம் போகாதே, அவ்வப்போது திரும்பு என்ற சில விதிகளை மட்டும் கொடுத்தார்கள். கணினி வரைந்த கோடுகள் பாறையில் உள்ள நெளிவுகளைப் போலவே இருந்தன. மூளை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லாத ஒரு புழுவுக்கு இத்தனை ஒழுங்கு எப்படி வந்தது என்ற வியப்புக்கு அது நல்ல பதில். சில விதிகள் போதும்.

அப்புறம் உயிருள்ள சாட்சியும் கிடைத்தது. 1960-களில் ஆழ்கடலுக்கு இறக்கிய கேமராக்கள், ஏகார்ன் புழு என்னும் உயிர் பசிபிக் தரையில் சுருளாகவும் நெளிவாகவும் மலத்தடம் விட்டுக்கொண்டு போவதைப் படமெடுத்தன. கோட்டின் முனையில் விலங்கே நின்றது.

கிராஃபோகிளிப்டிட்கள் இந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. அவை திறந்த சுரங்கங்கள். தின்றுகொண்டே போகும் விலங்கு தன் பின்னால் மண்ணைக் கழித்துக்கொண்டு போகும், சுரங்கத்தைக் காலியாக வைத்திருக்காது. வீடு போல் பராமரித்த ஒன்று இது. ஆகவே சைலாகர் வேறொரு கருத்தைச் சொன்னார். சுரங்கச் சுவரில் நுண்ணுயிர்களை வளரவிட்டு, திரும்பத் திரும்ப நடந்து அறுவடை செய்திருக்கலாம், அதாவது ஒரு வகை விவசாயம். இல்லாவிட்டால் சேற்றில் நகரும் நுண்ணிய விலங்குகளைப் பிடிக்கும் பொறியாக இருக்கலாம். இரண்டில் எதுவும் இதுவரை நேரில் காணப்பட்டதில்லை.

வலையின் மறுபக்கம்

1976-இல் பீட்டர் ரோனாவின் குழு அட்லாண்டிக்கின் நடு மலைத்தொடரில், சுமார் 3,500 மீட்டர் ஆழத்தில், தரையைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. படங்களில் விசித்திரமான புள்ளிக் கூட்டங்கள் வந்தன. சின்னச் சின்னத் துளைகள் மூன்று திசைகளில் வரிசை கட்டி, ஒரு சிறு மேட்டின் மேல் ஒழுங்காக நின்றன. 1978-இல் படம் அச்சானது. அதைப் பார்த்த சைலாகர், தான் பாறையில் பார்த்துப் பழகிய வலையின் மேல் வாசல்கள் இவை என்று சொன்னார். சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய பாறையில் இருந்த வடிவம் இன்றும் கடலடியில் போடப்படுகிறது என்றால் அது சின்ன விஷயமல்ல.

2003-இல் ஆல்வின் நீர்மூழ்கியில் இறங்கி அந்த மேடுகளைத் தோண்டினார்கள். மேல் சேற்றை மெல்லக் கழுவியதும் அடியில் அறுகோண வலை இருந்தது, கல்லில் உள்ள அதே வலை. உயிர் மட்டும் இல்லை. குழாய் இறக்கி மண்ணோடு எடுத்துப் பார்த்தார்கள், மரபணுவும் தேடினார்கள், வலையைப் போட்டவரின் சுவடே கிடைக்கவில்லை. இது சுரங்கமே அல்ல, சேற்றில் பதிந்திருந்த ஓர் உயிரின் உடல் வடிவம்தான், ஒருவேளை கடற்பஞ்சு இனம், இல்லாவிட்டால் ஜீனோஃபையோஃபோர் என்னும் ராட்சத ஒற்றைச் செல் உயிர் என்றும் ஒரு தரப்பு சொல்கிறது. ரோனாவும் சைலாகரும் 2014-இல், இரண்டு மாத இடைவெளியில், காலமானார்கள். கேள்வி அப்படியே இருக்கிறது.

சரி, இந்த வலைகள் இன்றும் இருக்கின்றன என்றால், கடலடியைத் துளைத்து எடுக்கும் மண் தூண்களில் அவை ஏன் பழைய அடுக்குகளில் தென்படுவதில்லை? 1968-இலிருந்து ஆழ்கடல் துளையிடும் திட்டங்கள் எடுத்த தூண்களை அடுக்கினால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும். அவற்றில் நிறையத் தடங்கள் உண்டு. கிராஃபோகிளிப்டிட் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் தரையின் மேல் மண்ணைப் பெட்டியோடு அப்படியே வெட்டி எடுத்துப் பார்த்த ஏ. ஏ. எக்டேல், இன்றைய சேற்றில் அவை இருப்பதை 1980-இல் காட்டினார்.

காரணம் மாடி வரிசை. கடலடிச் சேற்றில் உயிர்கள் மாடி மாடியாக வாழ்கின்றன. வலை போடுபவை மேல்மாடி, சில மில்லிமீட்டர் ஆழம். பிளானோலைட்டிஸ் போன்றவை அதற்குக் கீழே. ஜூஃபைகாஸ், காண்ட்ரைட்டிஸ் எல்லாம் இன்னும் ஆழத்தில். புதுச் சேறு சேரச் சேர மொத்தக் கட்டடமும் மேலே நகரும். நேற்றைய மேல்மாடி இன்று நடுமாடியாகும், நாளை கீழ்மாடியாகும். ஒவ்வொரு முறையும் அங்கே குடியிருப்பவர்கள் அதைக் குடைந்து அழிப்பார்கள். கடைசியில் மிஞ்சுவது அடிமாடியின் வளை மட்டும். சேறு நிதானமாகச் சேர்ந்துகொண்டே போகும் இடத்தில் மேல்மாடிக்கு வரலாறே கிடையாது. மணல் வெள்ளம் வந்து ஒரே நாளில் கட்டடத்தை மூடிய இடத்தில்தான் அது தப்புகிறது.

ஆகவே 'இந்தப் பாறையில் வலை இல்லை' என்பதற்கும் 'இங்கே வலை போடுபவர் வாழவில்லை' என்பதற்கும் தூரம் அதிகம். இது தெரியாமல் பழைய ஆழ்கடலின் உயிர் வளத்தைக் கணக்கிட முடியாது.

ஆழம் அளக்கும் கோல் அல்ல

1960-களில் சைலாகர் தடங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டமும் ஒரு சூழலைக் காட்டும் என்றார். ஸ்கோலிதோஸ், க்ரூசியானா கூட்டங்கள் கரைப்பக்கம், ஜூஃபைகாஸ் கூட்டம் நடு ஆழம், நெரைட்டிஸ் கூட்டம் பேராழம் என்ற அந்த வரிசை இன்றும் பாடத்தில் உண்டு. பயன்படுத்துபவர்கள் பலர் இதை ஆழம் அளக்கும் கோலாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அது தவறு. விலங்குக்கு மீட்டர் கணக்கு தெரியாது. அதற்குத் தெரிவது உணவு எவ்வளவு, மூச்சுக்காற்று எவ்வளவு, நீரோட்டம் எவ்வளவு, தரை கெட்டியா குழைவா என்பதுதான். பேராழத்தில் இவை பெரும்பாலும் ஒரே மாதிரி அமைவதால் தடமும் ஒரே மாதிரி அமைகிறது. வலுவான வெள்ளம் ஓடும் ஆழ்கடல் கால்வாய்களில் கரையோர வகைத் தடங்கள் வருவதற்கும் இதுதான் காரணம். சேவல் வால் போல விரியும் ஜூஃபைகாஸ் பேலியோசோயிக் காலத்தில் (சுமார் 54 முதல் 25 கோடி ஆண்டுக்கு முன்) ஆழமில்லாக் கடலிலும் ஏராளமாக இருந்தது. இன்று பெரும்பாலும் ஆழத்தில்தான்.

மூச்சுக்காற்றை அளப்பதற்குத் தடம் நன்றாக உதவும். அடுக்கில் வளைகளின் வகை குறைந்து, அளவு சுருங்கி, கடைசியில் சின்னச் சின்னக் காண்ட்ரைட்டிஸ் மட்டும் கரும் களியில் நிற்கிறது என்றால், அந்தத் தரையில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போனதன் படிப்படியான பதிவு அது. அதுவும் போய், காகித அடுக்குபோல் மெல்லிய வரிகள் கலையாமல் இருந்தால் அங்கே குடைய யாருமே இல்லை என்று பொருள்.

கடந்தகாலப் பருவநிலையைக் கடலடிச் சேற்றிலிருந்து கணிப்பவர்களும் வளைகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. உலகெங்கும் சராசரியாகக் கடலடியின் மேல் 10 சென்டிமீட்டர் சேறு உயிர்களால் கலக்கப்படுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் சேரும் இடத்தில் அது 5,000 ஆண்டுச் சேறு ஒன்றாகப் புரள்வது. ஜூஃபைகாஸ் போட்ட உயிர் இன்னும் ஒருபடி மேல். பரப்பிலிருந்து மண்ணைச் சில சமயம் ஒரு மீட்டர் ஆழம் வரைகூடக் கீழே கொண்டுபோய் அடைத்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு கரண்டி மண் எடுத்துக் காலம் கணித்தால், சுற்றியுள்ள சேற்றைவிட ஆயிரக்கணக்கான ஆண்டு இளமையான விடை வரும். அதனால்தான் தூணை எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் பார்த்து வளை எங்கே என்று குறித்துக்கொண்டு பிறகு மண் எடுக்க வேண்டும்.

எப்போது இறங்கினார்கள்

ஆழ்கடலுக்கு இந்த உயிர்கள் எப்போது போயின என்பதற்கும் தடம்தான் சாட்சி. ஆரம்பத்தில் மிகச் சில. ஐம்பது கோடி ஆண்டுக்கு முந்திய கேம்பிரியன் காலத்து ஆழ்கடல் பாறைகளில் ஓல்டேமியா என்ற தடம் வருகிறது, விசிறி போலவும் நட்சத்திரம் போலவும் விரியும் நுண்ணிய கோடுகள். அயர்லாந்தின் பிரே ஹெட் முனையில் இதைக் கண்ட தாமஸ் ஓல்டேமின் பெயரைத்தான் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் இதற்குச் சூட்டினார். 1851-இல் இந்தியாவுக்கு வந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைக் கட்டி எழுப்பியவரும் இதே ஓல்டேம்தான். அன்றைய கடலடி மேல் நுண்ணுயிர்ப் பாய் விரிந்திருந்ததாகவும், அதன் அடியைக் குடைந்து தின்றவர்களின் தடமே ஓல்டேமியா என்றும் கருதுகிறார்கள். வலை போன்ற சில வடிவங்கள் கேம்பிரியன் காலத்துக் கரைப்பக்கப் பாறைகளிலும் இருக்கின்றன. பிறகு அவை அங்கிருந்து மறைந்து ஆழத்துக்கு உரியவையாகிவிட்டன. கிராஃபோகிளிப்டிட்கள் மிகச் செழித்தது வெகு பின்னால், டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் முடிவிலும், சுமார் 5 கோடி ஆண்டுக்கு முந்திய இயோசீன் காலத்திலும்.

அந்த இரண்டுக்கும் நடுவில்தான், 6.6 கோடி ஆண்டுக்கு முன், விண்கல் விழுந்த பேரழிவு. ஸ்பெயினின் காரவாக்காவில் அந்த எல்லை வெளிர் சுண்ணாம்புச் சேற்றின் மேல் மெல்லிய கருங்களியாக நிற்கிறது. அருகே போய்ப் பார்த்தால் கருங்களி நிரம்பிய வளைகள் வெளிர் சேற்றுக்குள் கீழே இறங்குகின்றன. வெளிர் சேறு பேரழிவுக்கு முந்தியது, வளை பிந்தியது. பழைய கேள்விதான், முன்பா பின்பா. பிரித்துப் பார்க்காமல் அந்தச் சேற்றில் நுண்ணுயிர் ஓடுகளை எண்ணினால், அழிவுக்குப் பின் தோன்றியவை அழிவுக்கு முன்பே இருந்ததாகக் கணக்கு வந்துவிடும்.

விண்கல் விழுந்த இடத்திலேயே, மெக்சிகோவின் சிக்ஸுலுப் பள்ளத்தில், 2016-இல் துளையிட்டார்கள். பள்ளம் உண்டான உடனே சில நூறு மீட்டர் ஆழக் கடலாகிவிட்டது. உடைந்த பாறைக்கு மேல், கலங்கிய நீரிலிருந்து படிந்த சேறு முக்கால் மீட்டர் அளவு. அது படியச் சில ஆண்டுகளே ஆகியிருக்கும் என்று 2018-இல் வெளியான ஆய்வு கணித்தது. அந்தச் சேற்றின் மேற்பகுதியில் வளைகள் இருந்தன, பிளானோலைட்டிஸும் காண்ட்ரைட்டிஸும். எலும்பு இல்லை, ஓடு இல்லை, தோண்டியது யார் என்றும் தெரியாது. உலகின் பெரும்பகுதி உயிரினங்கள் அழிந்து சில ஆண்டுகளே ஆன நிலையில், அழிவின் நடுமையத்தில், யாரோ வந்து சேற்றைத் தின்னத் தொடங்கியிருக்கிறார்கள்.